பூட்டியிருந்த வீடு

பேட்டையில் எங்களுக்கு விழுந்தது மூன்று தெரு.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
வீட்டுக்கு ஒரு பொட்டு.
சிவப்புக்குச் சிமெண்டும் கம்பியும் வரும் என்றார்
துறைத்தலைவர்.

ஆவுடைச்செல்வி டேப்பின் நுனியைப் பிடிப்பாள்.
நான் விரிசலில் அஞ்சு ரூபாய்த் துட்டைச் செருகிப் பார்ப்பேன்.
நின்றால் மஞ்சள்.
உள்ளே போய்விட்டால் சிவப்பு.
இதுவரை பதினஞ்சு ரூபாய் சுவர்களுக்குள்.

இருபத்தேழில்
ஆறு வந்து போன கோடு
சுவிட்சுப் பெட்டிக்கு மேலே ஒரு சாண்.
உத்தரம், கரையான் தின்றது போக மீதி.
துட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"எழுதிட்டியளா?"
மடியிலிருந்து சுளகை இறக்காமல் கேட்டாள் செய்யதம்மாள்.
கை அதுபாட்டுக்குப் பீடி சுற்றியது.
"செவப்புன்னா வீட்டுக்காரரு காதுக்குப் போவும்லா?
இடிக்கணும், காலி பண்ணுன்னு
ஒத்தக் கால்ல நிக்காரு.
ஒங்க பொட்டு ஒண்ணு போதும் அவருக்கு."

ஆவுடைச்செல்வி என்னைப் பார்த்தாள்.
போன் திரையில் இருபத்தேழு
விரலுக்குக் காத்துக்கிடந்தது.
மூன்று நிறத்தில் ஒன்றுகூட
வாடகைக்கு இருந்து பார்த்ததில்லை.

வகுப்புச் சுவரில் படம் விரிந்தது.
சிவப்பு வரிசையில்
பல் விழுந்த மாதிரி ஓர் இடம்.
"இது என்னய்யா?"
"பூட்டியிருந்தது, சார்."

அன்று ராத்திரி மழை.
பாளையங்கோட்டை விடுதியில்
கான்கிரீட்டுக்குக் கீழே புரண்டு படுத்தேன்.
அந்த உத்தரத்துக்குக் கீழே எத்தனை பேர்?
படிவத்தில் நான்காவது கேள்வி.
பூட்டிய வீட்டுக்கு
அதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.