கருதப்பட்டது

வால்டிவியாவில் மார்ச்சில் வகுப்பு தொடங்கும்.
பொறியியல் படிக்கிறேன் என்று சொன்னால்
டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார்:
"பாலத்தைத் தலைகீழாய் மாட்டிவிடாதே, தம்பி."
காவ்-காவ் ஆற்றுத் தூக்குப் பாலத்தின் கதை
இந்த ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரியும்.
யார் மாட்டியது என்று கேட்டால் மட்டும்
"மாட்டப்பட்டுவிட்டது" என்பார்.

முதல் வாரம் கையில் தந்தவை:
பக்க எண் அச்சிட்ட குறிப்பேடு, நீலப் பேனா,
அரைக் கிலோ ஸ்பெகட்டி, ஒரு குப்பி வெள்ளைப் பசை,
நான் தேர்ந்தெடுக்காத மூன்று பேர்.
குறிப்பேட்டில் பென்சில் கூடாது.
தவறினால் ஒற்றைக் கோடு.
அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும்.
அதுவரை நான் எதையும் அப்படி அடித்ததில்லை,
கறுப்பாய் மெழுகித்தான் பழக்கம்.

பாலம் எவ்வளவு தாங்கும் என்பதற்கல்ல மதிப்பெண்.
எவ்வளவில் விழும் என்று நாங்கள் சொன்னதற்கும்
விழுந்ததற்கும் நடுவிலுள்ள இடைவெளிக்கு.

குவாகோல்டா கணக்குப் போட்டாள்.
"பன்னிரண்டு" என்று வாய் தவறிச் சொன்னால்
"பன்னிரண்டு என்ன, கோழியா?" என்பாள்.
எஃப்ராயின் புத்தகம் முழுக்க மஞ்சள் பூசுவான்.
ஏழுக்கு இரண்டரை வாங்கிய தேர்வுக்குப் பிறகு
புத்தகத்தை மூடிவைத்து
வெறுந்தாளில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தான்.
தாளில் மிஞ்சிய வெள்ளைதான்
இனி படிக்க வேண்டியது என்று கண்டுகொண்டான்.

கூட்டக் குறிப்பு என் பொறுப்பு:
என்ன முடிவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள்.
நிவியாவுக்கு விடியலில் மீன் சந்தையில் வேலை,
கடற்சிங்கங்கள் குரைக்கும் படித்துறையில்.
எட்டு மணிக் கூட்டத்துக்கு
எப்போதும் பதினோரு நிமிடம் தாமதம்.
அதையும் எழுதினேன், நான்கு வாரம்.
ஐந்தாம் வாரம் அவள் குறிப்பைப் படித்துவிட்டுச் சொன்னாள்:
"எட்டேகாலுக்கு வைத்தால்
நான்கு நிமிடம் முன்னாலேயே வருவேன்.
யாராவது கேட்டீர்களா?"
கேட்கவில்லை. அதையும் எழுதினேன்.

மே மாதம். பன்னிரண்டு நாள் மழை விடவில்லை.
நாங்கள் சொன்னது நான்கு புள்ளி இரண்டு கிலோ.
வாளியில் மணல் விழ விழ
பாலம் முனகவில்லை, வளையவில்லை.
ஒன்றரைக் கிலோவில் மூட்டுகள் வழுக்கின.
உடையக்கூட இல்லை, பிரிந்தது,
சண்டையே போடாமல் பிரிந்த குடும்பம்போல.
முறியாத குச்சிகள் மேசையெங்கும்.
தொட்ட விரலில் பசை, இன்னும் ஈரமாய்.

அறிக்கையை நிவியா வீட்டு விறகடுப்பருகே எழுதினோம்.
சாக்ஸ்கள் கம்பியில் ஆவி விட்டன.
எஃப்ராயின் ஒரு வாக்கியம் சொன்னான்:
"பசை காய்ந்துவிட்டதாகக் கருதப்பட்டது."
நல்ல வாக்கியம்.
ஓட்டுநர் இல்லாமல் போகும் பேருந்து,
யார் மீது ஏறினாலும் வழக்கு இல்லை.
மற்ற இருவரும் தலையசைத்தார்கள்.
நானே அதைப் பதிந்தேன்.

பிறகு ஏனோ குறிப்பேட்டைப் புரட்டினேன்.
பக்கம் முப்பத்தொன்று, என் கையெழுத்து:
"மூட்டுகள் காய்ந்தன. பார்த்தவர்: அனீபால்."
பார்க்கவில்லை.
அன்று குடை இல்லை,
ஆய்வகம் இரண்டு கட்டடம் தள்ளி.
பக்கத்தைக் கிழிக்கலாமென்றால்
முப்பதுக்குப் பின் முப்பத்திரண்டு வரும்,
அச்சிட்ட எண் எனக்காகப் பொய் சொல்லாது.

பேனாவை எடுத்து
"கருதப்பட்டது" மேல் ஒற்றைக் கோடு இழுத்தேன்.
அடியில் அது தெரிந்தது, தெரியட்டும்.
பக்கத்தில் எழுதினேன்: கருதினேன்.
அந்தச் சொல்லின் வாலிலேயே ஓர் ஏன்.
அதற்கும் பதில் எழுத வேண்டியிருந்தது:
மழை. குடையின்மை. சோம்பல்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
அடுப்பில் ஈரக் கட்டை ஒன்று சீறி அடங்கியது.
குவாகோல்டா தாளைத் தன் பக்கம் திருப்பி
மெல்லக் கேட்டாள்:
"சோம்பலுக்கு அலகு?"

"மீட்டர்" என்றேன். "சுமார் இருநூறு."

"சுமாரா?" என்றாள்.

மறுநாள் மழையில் போய்
அடியெடுத்து அளந்துவிட்டு வந்தேன்.
நூற்று எழுபத்தாறு.