அடியலை

மேலே ஒன்றுமில்லை.
கச்சான் அடங்கி மூன்று நாள்.
வள்ளத்தின் பலகையில் வைத்த தேத்தண்ணியில்
படிந்த ஆடைகூடச் சுருங்கவில்லை.

கீழக்கரைக்குத் தெற்கே, ஏழு பாகம் தண்ணீர்.
ஒரே கம்ப்ரசர், இரண்டு குழாய்:
ஒன்றில் நான், ஒன்றில் கூடப்பிறந்த காக்கா மீராலெவ்வை.
பேசிப் பதினோரு மாதம்.
ஒன்றரை அடி மதில் அவர் பக்கமா என் பக்கமா
என்ற இடத்தில் நின்றது பேச்சு.
சங்கை எண்ணிப் பங்கு வைக்க
விரல் போதும்.

போன மாதம் மண்டபத்திலிருந்து யாழரசி என்றொரு பெண்
எங்கள் வள்ளத்தில் ஏறி வந்து கயிறு இறக்கினாள்,
பாகத்துக்கு ஒரு வெப்பமானி.
கடலுக்குள்ளே இரண்டு கடல், என்றாள்.
சூடு மேலே, குளிர் கீழே.
இரண்டுக்கும் நடுவிலும் அலை எழும்புமாம்.
அந்தமானுக்கு அப்பால் புகைகிற தீவு ஒன்று;
அந்த மலையின் இடுப்பில் ஓதம் போய் முட்டினால்
நாலு பனை உயரத்துக்குக் கிளம்புமாம் அடியிலே,
மேலே போகும் கப்பலில்
சோற்றுத் தட்டு நகராதாம்.

அது இங்கே வருமா என்றேன்.
"தெரியல. அதுக்குத்தான் கயிறு."
எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

இன்று பார் ஓரம் கை விட்டுத் தடவுகையில்
முதலில் மணல் நகர்ந்தது.
பிறகு முழங்கால், பிறகு இடுப்பு,
கிணற்றில் இறங்குகிற குளிர்.
நான் இறங்கவில்லை.
கிணறு ஏறி வந்தது.

தெளிந்த தண்ணீர்
சர்க்கரைப் பாகு கரைகிறாற்போல் நெளிய,
அதற்கு அப்பால் காக்கா இரண்டாகத் தெரிந்தார்.
கெண்டைக்கால் பிடித்து இழுத்தது.
நான் குழாயை உதறவில்லை, சைகை காட்டவில்லை.
எப்படிப் பார்த்தாரோ,
கக்கத்தில் கை கொடுத்து மேலே தள்ளினார்.

கடல் தகடாகக் கிடந்தது.
டீசல் ஊற்றிக்கொண்டிருந்த யாசின்
"என்ன அதுக்குள்ள?" என்றான்.
அவன் காலடியில்தான் போயிருக்கும்.

"குளிருது" என்றார் காக்கா,
பல் அடித்துக்கொள்ள,
என்னிடமா கடலிடமா என்று
சொல்ல முடியாத பக்கம் பார்த்து.
"ம்" என்றேன்.

கயிறு இன்னும் கீழேதான் கிடக்கிறது.
ஏழில் எத்தனை சிலிர்த்தனவோ,
யாழரசி வந்து எடுத்தால் தெரியும்.

சங்கு இன்றைக்குப் பதினேழு.
எட்டு அவருக்கு, எட்டு எனக்கு.
மிஞ்சிய ஒன்று
பலகையில், தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில்
கரை வரும்வரை கிடந்தது.