மூன்றை அழுத்தவும்

பரந்தன் சந்திக்குக் கிழக்கே, அரிசி ஆலை.
தவிட்டுத் தூசி படிந்த சேர்வரை
இந்த வருடம் மூன்றாம் தடவை திறக்கிறேன்.
விசிறிக்குள் ஒரு பல்லி,
காய்ந்து, வாலோடு.

"ஓசியிலை கிடைக்கிற சாமானுக்கு
ஏன் பிள்ளை காசு?"
திருச்செல்வத்தார் கேட்கிறார்,
கையில் என் கொட்டேசன்.
கேட்கவேண்டிய கேள்விதான்.
இரண்டும் ஒரே லினக்ஸ்.
ஒரே வயலில் ஒரே நாள் வெட்டிய நெல்;
ஒன்று சாக்கில், கொம்பனி முத்திரையோடு,
மற்றது களத்தில் குவியலாய்.
சோறாக்கினால் ருசி பேதமில்லை.
"காசு நெல்லுக்கில்லை ஐயா.
நடுச்சாமத்திலை சாக்குக் கிழிஞ்சால்
எழும்பி வாற ஆளுக்கு."

அந்த ஆள் இதுவரை நான்.

இரணைமடு வான்கதவு திறந்த கிழமை
முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு
முரசுமோட்டைப் பாமசிக்குப் போனது நான்.
பங்குனியில்,
கிளிநொச்சி ஆஸ்பத்திரிப் பிரசவ வாட்டில்,
ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில்
"பிறின்ரர் ஓடுதில்லை அக்கா, லொறி நிக்குது"
என்ற குரலுக்கு
"நிக்கிறதை எல்லாம் அழிச்சுப்போட்டுத் திரும்ப அடி"
என்றதும் நான்.
நேர்ஸ் போனைப் பறித்தா.
மகள் வந்தாள்.
பில்லும் வந்ததாம்.

ஆகவே கொழும்பு முகவரிடம் விலை கேட்டேன்.
சந்தா, வருடத்துக்கு, ஒவ்வொரு பெட்டிக்கும்.
பத்து ஆண்டுப் பாதுகாப்புத் திருத்தம்,
எழுத்தில், திகதியோடு.

திருச்செல்வத்தார் அந்தத் திகதியை
விரலால் தொட்டுப் பார்த்தார்.
ஆலைக்கு இரண்டு தடவை கூரை போட்ட மனிசன்.
"பத்து வருசம் நிக்குமெண்டு
எழுதித் தாறாங்களோ?"
சிரிக்கவில்லை.
"அப்ப எங்கை கையெழுத்து?"

வைக்க விடவில்லை. முதலில்
அவர்கள் தந்த இலக்கத்தைச் சோதித்தேன்.
சிங்களத்துக்கு ஒன்று. ஆங்கிலத்துக்கு இரண்டு.
தமிழுக்கு மூன்றை அழுத்தவும்.
அழுத்தினேன்.
பாட்டு.
பாட்டு.
ஆலையில் ஒரு மூட்டை குற்றி முடிந்தது.
பிறகு ஒரு பெடியன், துப்புரவான ஆங்கிலத்தில்:
தமிழ் ஆள் இன்றைக்கு லீவாம், மடம்.
இரண்டை அழுத்தியிருந்தால்
உடனே எடுத்திருப்பானாம்.

ஆனால் விடை வைத்திருந்தான்.
சரியான விடை, நாலு நிமிடத்தில்.
நான் என்றால் ஓரிரவு தேடியிருப்பேன்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டில், மகளை மடியில் போட்டு,
கொட்டேசனைத் திருத்தினேன்.
ஆலைக்குச் சந்தா. போக நெல் எடுக்கிற நாளில்
கணக்கு நின்றால்
உழவு மெசின் வரிசை றோட்டுக்கு வரும்.
பாமசிக்கும் சந்தா; மருந்தோடு விளையாட முடியாது.
மாங்குளம் ஹாட்வெயாருக்கு இலவசப் பதிப்புப் போதும்:
ஆணி எண்ணுகிற கணினி.
ஒரு நாள் படுத்தால் அன்ரனிராசர் கொப்பியில் எழுதுவார்.
படுக்காவிட்டாலும் எழுதுகிறவர்தான்.

பிறகு மூன்று தாளிலும்,
கடைசி வரியாய், இதுவரை எழுதாத ஒன்று:
தமிழில் தொலைபேசி உதவி,
காலை எட்டு முதல் மாலை ஆறு வரை,
மாதத்துக்கு
விரல் நின்றது.
ஆறு வருடமாய் அந்த இடத்தில்
ஒரு பிளேன்ரீ, கோழிக்கென்று ஒரு பை குறுணல்,
"பிள்ளையை மறக்கமாட்டன்."
ஐந்நூறு என்று அடித்தேன்.
அழித்தேன்.
மூவாயிரம்.

காலையில் திருச்செல்வத்தார்
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு
அந்த வரியிலேயே நின்றார்.
"ஆறு மணிக்குப் பிறகு கணினி படுத்தால்?"

"இரண்டை அழுத்துங்கோ."