எடையில் சேராத சங்கிலி

வங்கி மூடப் பத்து நிமிடம்.
பாரூர் ஏரிக்கரைச் சேறு காயாத காலோடு
ஜேசிபி ஓட்டும் முனிரத்தினம் வந்து
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தான்.
வெள்ளிக்காசு. ஓரம் கோணல்.
டயர் வெடித்துவிட்டதாம்.

தங்கத்துக்குத்தான் கடன் என்றேன்.
தராசு சும்மாதானே இருக்கிறது என்றான்.
மூன்று கிராம், எழுநூறு மில்லி.
உரைகல்லை எடுத்தவன்
லென்ஸில் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன்.

ஒரு தலை.
எதிர்க்காற்றில் பின்னால் பறக்கும் சடை,
ஒட்டிய கன்னம், தாடி,
கழுத்தில் சங்கிலி.
சங்கிலி என்றதும் எத்தனை பவுன் என்று கேட்கும்
பதினெட்டு வருஷப் புத்தி எனக்கு.

போனில் தேடி அவனுக்குப் படித்துக் காட்டினேன்:
ரோமாபுரியில் அடித்த காசு.
தலை ஜெயித்தவனுடையது இல்லை,
பிடிபட்டவனுடையது. கால் நாட்டான்.
"கால் நாடா? மீதி முக்கால் எங்க?"
சிரித்தோம். பிறகு மேலே படித்தேன்.

மலைமேல் ஊர். அதைச் சுற்றி ஒரு மதில் எழுப்பினான்
முற்றுகையிட்டவன்;
உதவிக்கு வருவோரைத் தடுக்கத்
தன் முதுகுப்புறம் இன்னொன்று.
உள்ளே தானியம் தீர்ந்தது.
வாளெடுக்க முடியாதவர்களை வெளியே அனுப்பினார்கள்.
மதில்காரனும் வாங்கிக்கொள்ளவில்லை.
நடுவில் கிடந்தார்கள், பிள்ளைகளோடு.
கடைசியில் தலைவன் இறங்கி வந்து
ஆயுதத்தை எதிரியின் காலடியில் போட்டான்.
ஆறு வருஷம் இருட்டறை,
ஒருநாள் ஊர்வலம், அன்றே சாவு.
காசில் இருப்பது அவனேதானா,
யாரோ ஒரு கைதியா, உறுதியில்லையாம்.

முனிரத்தினம் வெகுநேரம் பேசவில்லை.
"மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு
எங்க கொல்லைமேட்டுல கல்லு இருக்கு சார்.
நெஞ்சுல அம்பு, ஆனா கையில கத்தி.
போன மாசம் பக்கெட் படாம ஒதுக்கி ஓட்டினேன்.
அதை நட்டது அவனோட ஆளுங்க."

மறுபடி குனிந்து பார்த்தேன்.
மிளகுக்கோ இரும்புக்கோ எத்தனை கை மாறியதோ,
மூக்கு தேய்ந்திருக்கிறது, எழுத்து போய்விட்டது,
சங்கிலி மட்டும் கண்ணி கண்ணியாக.
நகையென்றால் கல் நீங்கலாக எழுதுவோம்.
சங்கிலி நீங்கலாக எழுத
என் படிவத்தில் கட்டம் இல்லை.

தாசில்தாரிடம் ஒப்படை என்றேன்.
டயர் யார் கொடுப்பார் என்றான்.
இரண்டுக்கும் பதில் வரவில்லை.
காவலாளி ஷட்டரை பாதி இறக்கிவிட்டார்.

காசைக் கைக்குட்டையில் வைத்து முடிந்தான்.
அவ்வளவு இறுக்காதே என்றேன்
என்னையறியாமல்.