சரக்கு விவரம்

பன்னிரண்டு மணி வெடி ஓய்ந்துவிட்டது.
எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் எனக்கு முன்னால்
எண்பது டிரெய்லர். பின்னால் எண்ணவில்லை.
இந்த ஊருக்கு இதுதான் குளிர்:
டீ விற்பவன் கழுத்தில் மஃப்ளர்,
ஸ்டீயரிங்கில் உப்புப் பனியின் பிசுபிசுப்பு,
தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தூங்கும் கிளீனர் தேசப்பன்.

கேபினில் தொங்கிய தினக் காலண்டரில்
மிச்சமிருந்தது ஒரே தாள். மார்கழி பதினாறு.
கிழித்தேன். பின்பக்கம் வெள்ளை.
சலான் புத்தகத்தை அடியில் கொடுத்து
எங்கள் பிளாக்கின் மொட்டைமாடியை வரைந்தேன்.

வடக்கே சின்டெக்ஸ்.
கிழக்கே கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் கடல்காற்று.
நடுவில் எல்லாரும் துணி உலர்த்தும் கொடி.
அதைத் தொடக்கூடாது.
போன வருஷம் அதில் பாகல் ஏறி
நூர்நிஷா மகளின் சீருடையைச் சுற்றிக்கொண்டது.
மூன்று நாள் பஞ்சாயத்து.
பாகற்காய் கொடுத்துத்தான் தீர்ந்தது.

பழைய கணக்கு முதலில்.
தக்காளி, மொத்தமாகப் பதினொன்று.
கத்திரி பூத்ததோடு சரி.
கீரைமேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல்;
ஐந்து தண்ணீரில் அலசியும்
பல்லில் நறநறக்குது என்றாள் ஏகவல்லி.
கார்த்திகைப் புயலில் ஒரு தெர்மகோல் பெட்டி
புதினாவோடு பறந்துபோய்
கோழிக்கடைக் கூரைமேல் உட்கார்ந்தது.
இன்னும் அங்கேதான் இருக்கிறது,
என்னிடம் இருந்ததைவிடச் செழிப்பாக.

இனி வருவது.
தையில் தக்காளி, ஆறு பெட்டி.
காசிமேட்டில் மீன்பெட்டி இருபது ரூபாய், விளிம்பு உடைந்தது சும்மா.
பழுக்கக் காய்ச்சிய ஸ்க்ரூடிரைவரால் அடியில் நாலு ஓட்டை.
மீன் கழிவும் வெல்லமும் ஊறும் வாளிக்கு
இம்முறை மூடி உண்டு;
பூனைகளுக்கு நான் பட்ட கடன் தீர்ந்தது.
சித்திரையில் எதுவுமில்லை. பச்சை வலை, ஒரு கும்பிடு.

ஆடியில் அவரை.
வேண்டுமென்று அவள் கேட்டதில்லை.
மார்க்கெட் அவரையில் நார் உரிக்கும்போதெல்லாம்
ஒன்றை எடுத்து மோந்து பார்ப்பாள்,
ஒன்றும் சொல்லாமல் முறத்தில் போடுவாள்.
மேற்கு ஓரம் பந்தல். அழுத்தி வரைந்தேன்.
அடித்தேன்.
இரண்டடி தள்ளி, இன்னும் அழுத்தி.

மண்?
மூன்று மாடி, அறுபத்திரண்டு படி.
தேசப்பன் என்று எழுதி எதிரே பதினாலு மூட்டை போட்டேன்.
தூங்குகிறவனைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

ஐந்தேகாலுக்குக் கேட்.
சலானை நீட்டினேன்.
கூண்டுக்குள் இருந்தவர் டார்ச் அடித்தார்,
தாளைப் புரட்டினார், மறுபடி புரட்டினார்.
வெள்ளையில் வெறும் தடம்.
ரோஸிலும் மஞ்சளிலும் கார்பன் வழியே
நீலமாக இறங்கியிருந்தது எங்கள் மாடி.
சின்டெக்ஸ், கொடி, தக்காளி ஆறு.
சரக்கு விவரம் என்ற கட்டத்துக்குள், அளவெடுத்ததுபோல்,
அவரைப் பந்தல்.

"டைல்ஸ்னு போட்டிருக்கு."
"டைல்ஸ்தான் சார்."
"அப்ப இது?"
"அது ஆடி மாசம் சார்."

அவர் சிரிக்கவில்லை. பின்னால் ஹாரன்.
பந்தல்மேல் முத்திரை விழுந்தது.
வெள்ளையும் ரோஸும் துறைமுகத்துக்கு,
மஞ்சள் எனக்கு.

எழுந்து அதை வாங்கிப் பார்த்த தேசப்பன்
கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டான்:
"என் பேர் எதுக்குண்ணே இதுல,
பதினாலு மூட்டைன்னு?"