பன்னிரண்டாவது

எப்சிபா,
என் ஃபிரிட்ஜில் நீ ஒட்டிப் போன தாளில்
பதினொரு விதிகள்.
உப்பு கூடாது. சர்க்கரை கூடாது.
பவுடர் தட்டக் கூடாது.
முகத்தில் முத்தம் கூடவே கூடாது.
ஏழாவதுதான் எனக்குக் கஷ்டம்:
தொடையில் போட்டு ஆட்டித் தூங்க வைக்கக் கூடாது.

முப்பத்தொரு வருஷமாய்ப் பச்சைப்பிள்ளைகளைத் தூக்குகிறவள்
உன் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டேன்.
நேதனின் உச்சி மணக்கும்போதெல்லாம்
மூக்கை மட்டும் வைத்து
உதட்டைத் திருப்பிக்கொண்டேன்.
உன் பிள்ளை, உன் சட்டம்.
சரிதான்.

இப்போது என்னுடையது ஒன்று.

இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை
சயான் ஆஸ்பத்திரியில்
கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே நிற்கிறேன்.
ஒரு கிலோ தேறாத உடம்புகள்.
பாலைச் சொட்டுச் சொட்டாய் எண்ணி விடுகிற வேலை.
கோலிவாடா வந்து குளித்து
நேற்றைய சோற்றைக் கரைத்துக் குடித்து
திரையை இழுத்துவிட்டுப் படுத்தால்
ஒன்பதே முக்கால்.
பத்துக்கு பெல் அடிக்கிறாய்.
"ரெண்டே மணி நேரம்மா, ஒரு மீட்டிங்."
செம்பூரில் வண்டி ஏறும்போது சொல்வதில்லை,
பிள்ளையை என் தோளில் போட்ட பிறகு சொல்கிறாய்.
உன் ரெண்டு மணி நேரம்
சாயங்காலம் ஐந்துக்கு முடியும்.

அந்தத் திங்கள்கிழமை
பெல்லின் ஒயரைப் பிடுங்கி வைத்தேன்.
தட்டினாய். போன் அடித்தாய்.
எதிர்வீட்டு சுனந்தா மாவ்ஷி
ஈரக் கையோடு வெளியே வந்து நின்றாள்.
சங்கிலி போட்ட கதவிடுக்கில் சொன்னேன்:
ரெண்டு மணிக்கு முன்னால் இது திறக்காது.
சனிக்கிழமை எனக்கு லீவு. அன்றைக்கு விடிந்ததுமே கொண்டு வா.

"ஊரான் பிள்ளைக்கு விடிய விடிய முழிப்ப.
என் பிள்ளைக்கு மாட்ட.
எனக்கும் இதைத்தானே செஞ்ச?"

செய்தேன்.
எட்டு மாதத்தில் உன்னை இதே சுனந்தாவிடம் விட்டுவிட்டு
டூட்டிக்குப் போனேன்.
நீ பேசிய முதல் சொல் மராத்தி.
அந்தக் கடனை நேதனை வைத்து
அடைக்க வழியில்லை, எப்சி.
எத்தனை பகல் முழித்தாலும் வட்டிக்குக் காணாது.

உன்னிடம் சொல்லாதது ஒன்று.
போன மாதம், விடியற்காலை நாலு மணி,
ஐந்தாம் பெட்டிக்கான ஊசியை
ஆறாம் பெட்டிக்கு எடுத்துப் போனேன்.
புதிதாய்ச் சேர்ந்த பெண் ஒருத்தி
என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஆறாம் பெட்டி, மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு
வீட்டுக்கும் போய்விட்டது.
முந்தின பகல் நேதனுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல்,
நான் கண்ணை மூடவே இல்லை.
சொன்னால் நீ அழுவாய்,
பிள்ளைமேல் பழி போடுகிறேன் என்பாய்,
பிறகு மன்னித்தும் விடுவாய்.
எதுவும் எனக்கு வேண்டாம். எனக்குத் தூக்கம் வேண்டும்.

ஒன்பது நாள் நீ வரவில்லை.
முதல் இரண்டு நாளும்
பிடுங்கிய பெல் அடிக்கிறதா என்று
கேட்டபடி கிடந்தேன்.
மூன்றாம் நாள் தூங்கினேன்.
வெட்கமில்லாமல், வாயைத் திறந்துகொண்டு.

பத்தாம் நாள், இரண்டேகாலுக்கு, தட்டினாய்.
முகம் அதே இறுக்கம்.
தண்ணீர் எடுக்கப் போனவள்
தாளின் அடியில் நான் தமிழில் எழுதி வைத்ததைப் பார்த்தாய்.
ஞாயிறு பள்ளியில் பாதி கற்றுப் பாதி விட்ட எழுத்து.
இடுப்பில் பிள்ளையோடு
முள் பார்த்து மீன் தின்கிறவள் மாதிரி
ஒவ்வொன்றாய் எடுத்தாய்:
ரெ... ண்... டு... ம... ணி...
உன் வாயைப் பார்த்து நேதன் சிரித்தான்.
"இது ரெண்டு சுழியா, மூணு சுழியா?"
மூணு, என்றேன்.

சரி என்று நீ சொல்லவில்லை.
பேனா கேட்டாய்.
பதிமூன்று என்று போட்டு
ஆங்கிலத்தில் அழுத்தி எழுதினாய்:
போனையாவது எடு.

பேசலாம், எப்சி.
அதையும், ஏழாவதையும்.
ரெண்டு மணிக்கு மேல்.