எழுபத்தாறு புள்ளி நான்கு

அவிலேஸ் நகரில் வியாழன்தோறும் மழை.
மற்ற நாட்களிலும் மழைதான்.
வியாழனன்று மட்டும் தெல்வா அதைக் கவனிப்பதில்லை.

பகலெல்லாம் பன்னிரண்டு டன் பேருந்து அவள் கையில்:
துறைமுகம், உருக்காலை வாசல், மருத்துவமனை,
மறுபடி துறைமுகம்.
இரவில் எண்பது கிராம் கார்.
மரப்பலகையில் ஒரு பள்ளம்,
பள்ளத்தின் இருபுறமும் செப்புப் பட்டை,
விரலுக்கு ஒரு விசை.
ஸ்டியரிங் கிடையாது.
அதுதான் ஓய்வு என்பாள்.

மணமுறிவில் எல்லாவற்றையும் பிரித்தார்கள்.
சோபா அவனுக்கு, குளிர்பெட்டி இவளுக்கு.
பதினான்காம் எண் போட்ட வெள்ளை ராலி காரை
வக்கீல் மேசையில் கவிழ்த்து வைத்து
நான்கு திருகாணியையும் கழற்றினான் சில்வேரியோ.
மேல்கூடு இவளுக்கு.
மோட்டார், சக்கரம், அடிச்சட்டம் அவனுக்கு.
வக்கீலம்மா சிரிக்கவில்லை.
குறித்துக்கொண்டார்.

இரண்டு வருடம்
சமையலறை ஜன்னலில்
வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தது கூடு.

லுகோவில் எலாடியோ என்று ஒருவன்,
அடிச்சட்டம் அச்சடித்துத் தருகிறான் என்றார்கள்.
இரவுக் காவல் வேலை.
அவன் கிடங்கைக் காக்கும் நேரத்தில்
வீட்டில் இயந்திரம் விழித்திருக்கும்.

கல்யாணத்துக்கு முன்பு கூட
யாரும் அவளை இவ்வளவு விசாரித்ததில்லை.
மோட்டார் நீளவாக்கிலா, குறுக்கிலா?
காந்தத்துக்கு இடம் விடவா?
முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே எவ்வளவு?

அளந்தாள். எழுபத்தாறு புள்ளி நான்கு மில்லிமீட்டர்.
மறுபடி அளந்தாள். புள்ளி ஆறு.
மூன்றாம் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தாள்.
நான்கேதான்.

நம் மொழியில் சொல்வதென்றால்
சக்கரம் கோக்கும் கம்பியும் அச்சு,
பொடியை உருக்கி அடுக்கடுக்காக எழுப்புவதும் அச்சு,
முன்பணம் அச்சாரம்.
பத்தொன்பது யூரோ, தபாலுக்கு ஐந்து.
அனுப்பிவிட்டுக் காத்திருப்பது
அச்சம்.

பன்னிரண்டாம் நாள் வந்தது.
கறுப்பு. தடவினால் ரவை போல் சொரசொரப்பு.
கண்ணாடி மேல் வைத்தாள்.
வாடகை வீட்டு மேசை போல்
ஒரு கால் தூக்கி ஆடியது.

"கொதிக்கும் தண்ணீரில் மூன்று நிமிடம்" என்றான் எலாடியோ,
"பிறகு தட்டையான ஏதாவது ஒன்றின் அடியில் ஆறட்டும்.
நைலான் அப்படித்தான்.
கோபித்துக்கொள்ளாதீர்கள்."
பாஸ்தா வேகும் பானையில் போட்டாள்.
எடுத்து இரண்டு தரை ஓட்டுக்கு நடுவே வைத்தாள்,
மேலே இரும்பு வாணலி.
கனம் போதவில்லை.
மணமுறிவுக் கோப்பையும் தூக்கி வைத்தாள்.

காலையில் தட்டை.

ஆனாலும் முதல் ஓட்டத்தில் தவளையாய்த் துள்ளியது.
இறுக்கித் திருகியது தப்பு.
நான்கு திருகாணியையும் அரைச்சுற்று தளர்த்தினாள்.
கூடு லேசாக ஆடியது,
சட்டம் பலகையை விட்டு எழவே இல்லை.

சிட்ராக் கடையின் நிலவறை, ஆறு தடம்.
ஓட்டாதவர்கள் வளைவுகளில் நின்று
விழும் கார்களை எடுத்து வைக்க வேண்டும், அது விதி.
கடைசி வளைவில் சில்வேரியோ.

முப்பத்தொரு சுற்று அவன் கைக்கு வேலை வைக்கவில்லை.
முப்பத்திரண்டில் விரல் கொஞ்சம் ஆசைப்பட்டது.
பறந்து போய் அவன் வயிற்றில் மோதி
அவன் உள்ளங்கையிலேயே மல்லாந்தது கார்.

எடுத்தவன் வைக்கவில்லை.
அடியைப் பார்த்தான்.
தன்னுடையது இருந்த இடத்தில்
கறுப்பாய், மெலிதாய், வேறொன்று.
விரல் நகத்தால் மோட்டார்த் தொட்டிலைச் சுண்டினான்.
"சில்வேரியோ!" என்று கத்தியது மொத்த அறையும்.
முக்கால் சுற்று போயிற்று.

நான்காம் இடம்.
மூன்றாம் இடத்துக்கு அரைச் சுற்றே குறை.
கணக்குப் போட்டுப் பார்க்காமலில்லை தெல்வா.

திங்கள் காலை, மருத்துவமனை நிறுத்தம்.
ஒரு கிழவர் குடையை மடக்கிக்கொண்டே ஏறுகிறார்.
போனில் எலாடியோ:
"உங்கள் ஊரிலிருந்து இன்னொருவர் கேட்கிறார்.
அதே எழுபத்தாறு புள்ளி நான்கு.
பழைய சட்டம் விரிசலாம்.
தெரிந்தவரா?"

கதவை மூடினாள்.
அடுத்த சிவப்பு விளக்கில் பதில் போட்டாள்.
"அளவு சரிதான், அடியுங்கள்.
வளைந்திருந்தால் நிமிர்த்தாமல் அனுப்புங்கள்.
தண்ணீர் அவரே காய்ச்சட்டும்."